எல்லா இதய மரணமும் மாரடைப்பு அல்ல: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்து இறந்தால் உங்கள் செய்தியில் ‘மாரடைப்பு’. பல ஆண்டுகள் இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சுத் திணறி ஒரு முதியவர் இறந்தாலும் ‘மாரடைப்பு’. நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வந்து, அடைப்பை நீக்கிக்கொண்டு வீடு திரும்பியவருக்கும் அதே சொல். இவை மூன்றும் வெவ்வேறு நிலைகள். கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் மூன்றுக்கும் வேறு. எந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியிருக்கிறார்களோ, அதற்கேற்பத்தான் ஆபத்து நேரத்தில் மக்களின் கை நகர்கிறது. இதய நோயாளிகளோடு அன்றாடம் வேலை செய்யும் எங்களால் இதை வெறும் சொல் பிரச்சினை என்று விட்டுவிட முடியவில்லை.

மாரடைப்பு நல்ல சொல்தான். அதை அதற்குரிய இடத்தில் வையுங்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்பு பிளந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை சாகத் தொடங்குகிறது. ஆனால் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலோர் நினைவோடு, பேசிக்கொண்டே இருப்பார்கள். நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குப்பென்று வியர்வை. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் சிலருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரும். ‘வாயு’ என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுப்பது இங்கேதான்.

இந்த நிலையில் செய்ய வேண்டியது: உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். மருத்துவமனையில் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் உயரச் சில மணி நேரம் ஆகும். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம், 12 மணி நேரம் தாண்டினால் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று மருந்துகளும் சேர்ந்து 14 மாத்திரைகளை முதல் தவணையாகத் தருகிறார்கள். ‘மாரடைப்பு என்றால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்’ என்று உங்கள் தலைப்புகளிலிருந்து கற்றுக்கொண்டவர், பேசிக்கொண்டிருக்கும் தன் அப்பாவுக்கு வந்திருப்பது மாரடைப்பு என்று எப்படி நம்புவார்? அப்படி நம்பாமல் கழியும் மணி நேரத்தில்தான் தசை செத்துப்போகிறது.

இரண்டாவது நிலைக்குத் தமிழில் இன்னும் ஒரே சொல் நிலைக்கவில்லை. ‘இதயத் துடிப்பு நிறுத்தம்’ என்று எழுதும்படி கேட்கிறோம். ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் போதும். இது இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. பல நேரங்களில் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் வெளியே போவதில்லை. சில விநாடிகளில் நினைவு போகும். மாரடைப்பு இதைக் கொண்டுவரலாம். ஆனால் பரம்பரையாக இதயத் தசை தடித்துப்போவது, இதயத்தின் மின்னோட்டக் குறைபாடு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது, மின்சாரம் தாக்குவது ஆகியவற்றாலும் வரும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தது இதனால்தான். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, தேவைப்பட்டால் தானே மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை உடலுக்குள் பொருத்திக்கொண்டு மறுபடி ஆட வந்தார். 2016 டிசம்பர் 4 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டதாக மருத்துவமனை அறிவித்ததும் கார்டியாக் அரெஸ்ட்தான். அதைத் தமிழ்ச் செய்திகளில் பல ‘மாரடைப்பு’ ஆக்கின.

விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் மாத்திரை தேடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. தரையில் விழுந்த மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுவதை மூச்சு என்று எண்ணி ஏமாறுகிறார்கள். அது மூச்சு அல்ல. 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். களைத்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அழுத்துவதும் மின்அதிர்ச்சியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது.

சொல் குழம்பியதால் உயிர் வாழும் ஒரு தவறான அறிவுரையையும் சொல்ல வேண்டும். ‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்.’ வாட்ஸ்அப்பில் சுற்றும் இதை நல்வாழ்வுப் பக்கங்களில் அச்சிடவும் செய்கிறார்கள். இதன் வேர், இதய ரத்தக் குழாய்ச் சோதனைகள் நடக்கும் ‘கேத் லேப்’ அறையில் இருக்கிறது. ஆஞ்சியோகிராமின்போது துடிப்பு திடீரெனத் தடுமாறினால், திரையில் அதைப் பார்த்த மருத்துவர் நினைவோடு இருக்கும் நோயாளியை உடனே இருமச் சொல்வதுண்டு. அது சில விநாடிகளுக்கு ரத்தத்தைத் தள்ளும். அடைபட்ட தமனியை இருமல் திறக்காது. துடிப்பு நின்று மயங்கியவரால் இருமவே முடியாது. தயவுசெய்து இதை இனி அச்சிடாதீர்கள்.

மூன்றாவது, ‘இதயச் செயலிழப்பு’ என்று நீங்கள் எழுதுவது. மருத்துவர் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று வீட்டார் அழத் தொடங்குவதற்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். இதயம் நிற்கவில்லை, தேவைக்கு ஏற்பத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். வார்டில் நோயாளிகள் ‘பம்பிங் கம்மியா இருக்கு’ என்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. எழுத்தில் ‘இதயத் தளர்ச்சி’ பொருந்தும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தை வெளியே தள்ளுவது இயல்பு. எக்கோ ஸ்கேனில் இந்தச் சதவீதம் ‘இஎஃப் 35’ என்று வந்தால் ‘இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறது’ என்று எழுதுகிறீர்கள். 100-க்கு 35 என்று படிப்பவர் மிரள்கிறார். இந்த நோயாளிகள் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மூச்சுத் திணறாமல் படுக்கத் தேவைப்படும் தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகக் கூடுவதும் எச்சரிக்கை.

இனி சின்னவை. ஆஞ்சியோகிராம் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் சோதனை. ஆஞ்சியோபிளாஸ்டி பலூனால் அடைப்பை விரித்து, தேவைக்கேற்ப ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை. ‘ஆஞ்சியோ செய்யப்பட்டது’ என்ற வரியில் எது நடந்தது என்றே தெரிவதில்லை. ரத்தக் குழாயை ‘நரம்பு’ என்று எழுதாதீர்கள்: ‘நரம்பு ஊசி’ பேச்சில் இருக்கட்டும், ‘இதய நரம்பில் அடைப்பு’ என்று படித்தவர் நரம்பியல் மருத்துவரைத் தேடுகிறார். தமிழ்நாட்டுப் பாடநூலின் தமனியும் சிரையும் இலங்கைப் பாடநூலில் நாடியும் நாளமும். தமிழ்நாட்டு வாசகருக்கு நாடி என்றால் மணிக்கட்டில் பார்க்கும் துடிப்பு. இரு நாட்டிலும் படிக்கும் இதழ்கள் ‘ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்’, ‘திரும்பக் கொண்டுவரும் குழாய்’ என்று முதல் முறை மட்டும் விளக்கிவிடலாம்.

ஒருவர் திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனை முடிவோ மருத்துவர் அறிக்கையோ வராத நிலையில், ‘திடீரென மயங்கி விழுந்து உயிரிழந்தார்’ என்று எழுதுங்கள். அது முழுச் செய்திதான். அறிக்கை வந்த பிறகு, அதில் உள்ள சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இதய நோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் சிலர்