ஆப்பிரிக்க நாடுகளின் அளவை ஒப்பிடும்போது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

உன் வகுப்புச் சுவருக்காகத் தயாரித்த ஆப்பிரிக்கப் பட்டியலும் வரைபடமும் வந்து சேர்ந்தன. நிறைய உழைத்திருக்கிறாய். ஆனால் இப்படியே சுவரில் ஏற்றிவிடாதே. 25 லட்சம் சதுர கிலோமீட்டரோடு சூடான் முதலிடத்தில் நிற்கிறது. கொஞ்சம் கீழே தெற்கு சூடானும் தனியாக நிற்கிறது. ஒரே நிலம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. பாதி எண்களைப் பழைய அட்லஸிலிருந்தும் மீதியைப் புதிய பட்டியலிலிருந்தும் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

2011 ஜூலை 9 அன்று தெற்கு சூடான் பிரிந்தது. அதுவரை ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய நாடு சூடான். பிரிந்தபின் அதற்கு மிஞ்சியது ஏறக்குறைய 18.6 லட்சம், சில பட்டியல்களில் 18.9 லட்சம் வரை பார்ப்பாய். இப்போது முதலிடம் அல்ஜீரியாவுக்கு: 23,81,741 சதுர கிலோமீட்டர். இரண்டாவது காங்கோ ஜனநாயகக் குடியரசு: 23,44,858. இந்த இரண்டுக்கும் இடையே உள்ளது 37,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, அதாவது ஒன்றரை விழுக்காடு. லெசோத்தோவைக் காங்கோவோடு சேர்த்தால்கூட அல்ஜீரியாவை எட்டாது. ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சூடான் மூன்றாவது, 17.6 லட்சத்தோடு லிபியா நான்காவது.

ஆகவே முதல் வேலை, 2011-க்குப் பிந்தைய ஒரே ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுத்து, எல்லா நாடுகளுக்கும் அதிலிருந்தே எண் எடுப்பது. எது சிறந்த பட்டியல் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இரண்டு நல்ல பட்டியல்களைக் கலப்பதைவிட சுமாரான ஒன்றை முழுதாகப் பின்பற்றுவது மேல்.

அடுத்தது தண்ணீர். உன் பட்டியலில் தான்சானியா நைஜீரியாவுக்கு மேலே இருக்கிறது. தான்சானியா 9,47,300, நைஜீரியா 9,23,768 என்றால் சரிதான். ஆனால் அது ஏரிகளையும் சேர்த்த மொத்தப் பரப்பு. விக்டோரியா ஏரியில் ஏறக்குறைய பாதி தான்சானியாவுடையது. டாங்கனிக்கா ஏரியிலும் பெரிய பங்கு உண்டு. அந்த 61,500 சதுர கிலோமீட்டர் நீரைக் கழித்தால் நிலம் 8,85,800. நைஜீரியாவில் 13,000 மட்டுமே நீர், நிலம் 9,10,768. வரிசை தலைகீழாகிவிட்டது! உகாண்டா–கானா ஜோடியிலும் இதே கதை. மொத்தப் பரப்பில் உகாண்டா 2,41,038, கானா 2,38,533. நிலத்தை மட்டும் எடுத்தால் உகாண்டா 1,97,100-க்கு இறங்கிவிடும், கானா 2,27,533-இல் நிற்கும். மலாவி மொத்தத்தில் 1,18,484 காட்டும். அதில் 24,404 நீர். ஐந்தில் ஒரு பங்கு!

எது சரி என்று நீ கேட்பாய். இரண்டும் சரி. உலகப் பட்டியல்கள் பெரும்பாலும் உள்நாட்டு நீரையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகின்றன, அதனால் நீயும் அதையே வைத்துக்கொள். தலைப்பின் கீழே சின்ன எழுத்தில் 'ஏரி, ஆறுகள் உட்பட. கடல் நீங்கலாக' என்று ஒரு வரி போடு. அந்த ஒரு வரி இல்லாத பட்டியலை நான் நம்ப மாட்டேன்.

எல்லைத் தகராறுகளுக்கும் இதே மாதிரி ஒரு முடிவு எடுத்துக் குறிப்பு எழுத வேண்டும். பெரியது மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் மேற்கு சஹாரா, ஏறக்குறைய 2,66,000 சதுர கிலோமீட்டர். அதைச் சேர்க்காவிட்டால் மொராக்கோ 4.46 லட்சம், கேமரூனுக்கும் கீழே. சேர்த்தால் 7.1 லட்சம், கென்யா, மடகாஸ்கர், சோமாலியா எல்லாவற்றையும் தாண்டிவிடும். பள்ளிச் சுவரில் அதைத் தனி நிறத்தில், தனி எண்ணோடு காட்டுவது நல்லது. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையிலான ஹலாயிப் முக்கோணம் 20,580 சதுர கிலோமீட்டர். இரண்டு நாடுகளும் எனது என்கின்றன. பக்கத்திலேயே பிர் தாவில் என்று 2,060 சதுர கிலோமீட்டர் பாலைத் துண்டு ஒன்று இருக்கிறது; அதை இருவருமே எனது இல்லை என்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டால் ஹலாயிப் மீதான உரிமை போய்விடும், அதனால்தான். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஓரமாக ஒரு பெட்டியில் போடு. எகிப்தின் சினாய் தீபகற்பம் ஆசியாவில் இருக்கிறது, ஏறக்குறைய 60,000; அதைப் பிரிக்கத் தேவையில்லை, முழு நாட்டையும் ஆப்பிரிக்காவோடு எண்ணுவதுதான் வழக்கம்.

அலகிலும் ஒரு இடம் கவனி. பழைய ஆங்கில அட்லஸ்களில் பரப்பு சதுர மைலில் இருக்கும். ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீட்டர். அல்ஜீரியாவின் சதுர மைல் எண் 9,19,595. அதைத் தவறுதலாகக் கிலோமீட்டர் பத்தியில் எழுதிவிட்டால், கண்டத்தின் மிகப்பெரிய நாடு நைஜீரியாவுக்கும் கீழே போய் உட்காரும். எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மில்லியனை லட்சமாக்கும்போதும் பத்தால் பெருக்க மறந்துவிடாதே: 2.38 மில்லியன் என்றால் 23.8 லட்சம். எல்லாம் எழுதி முடித்ததும் 54 நாடுகளையும் மேற்கு சஹாராவையும் கூட்டிப் பார். 303 லட்சத்தை ஒட்டி வர வேண்டும். ஐந்து லட்சம் தள்ளி வந்தால் எங்கோ ஒரு பெரிய நாடு விட்டுப்போயிருக்கிறது, இல்லை இரண்டு முறை ஏறியிருக்கிறது. உன் இப்போதைய பட்டியல் இந்தச் சோதனையிலேயே மாட்டியிருக்கும்.

இனி வரைபடம். எனக்கு அதிகம் கவலை இதில்தான். நீ இணைய வரைபடத்தைத் திரையிலிருந்து பிடித்து நகலெடுத்திருக்கிறாய். அது மெர்கேட்டர் வகை. 1569-இல் மெர்கேட்டர் அதை வரைந்தது கப்பலோட்டிகளுக்காக. திசைக் கோணம் மாறாமல் இருப்பதுதான் அதன் பலம். அதற்கு விலையாக, நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக எல்லாமே பெருத்துக்கொண்டு போகும். 60 பாகையில் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் 14 மடங்கு. ஆனால் ஒரே கண்டத்துக்குள்ளும் இந்தக் கோளாறு வரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆப்பிரிக்கா வடக்கே 37 பாகை, தெற்கே 35 பாகை வரை நீள்கிறது. நடுக்கோடு நடுவில் போகிறது.

எவ்வளவு பெருக்கும் என்று நீயே கணக்குப் போடலாம். நாட்டின் நடு அட்சரேகையின் கொசைனை எடு, வர்க்கமாக்கு, ஒன்றை அதால் வகு. அல்ஜீரியாவின் நடு ஏறக்குறைய 28 பாகை: கொசைன் 0.883, வர்க்கம் 0.78, பெருக்கம் 1.28. காங்கோ நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால் பெருக்கம் கிட்டத்தட்ட 1. உண்மையில் ஒன்றரை விழுக்காடு மட்டுமே பெரிய அல்ஜீரியா, உன் படத்தில் 30 விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது.

இதைவிட நல்ல உதாரணம் 12 லட்சத்துக் கூட்டம். சாட் 12.84 லட்சம், நைஜர் 12.67, அங்கோலா 12.47, மாலி 12.40, தென்னாப்பிரிக்கா 12.2. ஐந்துமே ஐந்து விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். இதில் கடைசி தென்னாப்பிரிக்கா. ஆனால் அது 29 பாகை தெற்கே இருக்கிறது, பெருக்கம் 1.31, மெர்கேட்டரில் 16 லட்சம் அளவுக்குத் தெரியும். சாட் 15 பாகை, பெருக்கம் 1.07, அது 13.7 லட்சமாகத்தான் தெரியும். ஐந்தில் சிறியது படத்தில் பெரியதாகிவிட்டது. இந்த ஐந்து நாடுகளை மெர்கேட்டர் படத்திலிருந்தும், பரப்பை மாற்றாமல் காட்டும் படத்திலிருந்தும் வெட்டி அருகருகே ஒட்டினால் நீ ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை.

நகலெடுக்க வேண்டியது சம பரப்பு வரைபடம். பல அட்லஸ்களில் ஆப்பிரிக்கப் பக்கம் லாம்பர்ட் சம பரப்பு முறையில் இருக்கும். படத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு நகலெடு. உலகப் படமும் வேண்டுமென்றால் 2018-இல் வந்த ஈக்வல் எர்த் நன்றாக இருக்கும். கால்–பீட்டர்ஸும் பரப்பைச் சரியாகத்தான் காட்டும், ஆனால் ஆப்பிரிக்காவை நெட்டுக்கு இழுத்துவிடும். எனக்கு அது கண்ணுக்கு இதமாக இல்லை.

பிள்ளைகளை அளக்கச் சொன்னால் கட்டம் போட்ட கிராஃப் தாளே போதும். 2 கோடிக்கு 1 என்ற அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் 200 கிலோமீட்டர். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் 200 × 200, அதாவது 40,000 சதுர கிலோமீட்டர். ஒரு சிறு மில்லிமீட்டர்க் கட்டம் 400. வகுப்பில் பாதிப் பேர் 200-ஆல் மட்டும் பெருக்குவார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடு. முழுக் கட்டங்களை எண்ணு. பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை ஒன்றாக எடு, பாதிக்குக் குறைந்ததை விடு. அல்ஜீரியா 59 அல்லது 60 சதுர சென்டிமீட்டர் வர வேண்டும். பெரிய நாடுகளில் இந்த முறை மூன்று நான்கு விழுக்காட்டுக்குள் நிற்கும்.

காம்பியாவில் நிற்காது. ஆற்றின் இரு கரையிலும் நாடா மாதிரி ஓடும் நாடு அது. அகலம் எங்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டரைத் தாண்டாது. இந்தப் படத்தில் அது அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பேனாவால் எல்லை வரைந்து, கோட்டின் வெளி விளிம்பு வரை எண்ணினால் அகலம் மூன்றாகிவிடும். உள் விளிம்போடு நிறுத்தினால் இரண்டு. ஒரே நாட்டுக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம்! உண்மையான பரப்பு ஏறக்குறைய 11,300, வெறும் 28 மில்லிமீட்டர்க் கட்டங்கள். கூர்மையான பென்சில், கோட்டின் நடுவே எல்லை என்பதே இதற்கு வழி. ருவாண்டா, புருண்டி, எஸ்வாத்தினியை எல்லாம் பெரிதாக்கிய படத்தில்தான் அளக்க வேண்டும்.

கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை வைத்துச் செய்தால், இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற ஆயமுறையில் தட்டையாகப் பரப்பு கணக்கிடாதே. அதுவும் மெர்கேட்டர்தான், மேலே சொன்ன பெருக்கம் அப்படியே எண்ணில் ஏறும். டாலர் குறியோடு வரும் ஏரியா ($area) செயல்பாடு, திட்ட அமைப்பில் நீள்வட்டக் கோளம் தேர்வாகியிருந்தால், பூமியின் வளைவை வைத்துக் கணக்கிடும், அதைப் பயன்படுத்து. நேச்சுரல் எர்த் என்ற வரைபடத் தரவில் 110 மில்லியனுக்கு 1 என்ற அளவுக் கோப்பை எடுக்காதே. அதில் மொரீஷியஸ், செஷல்ஸ், கேப் வெர்டே போன்ற தீவு நாடுகள் கிடையாது. 10 மில்லியன் கோப்பு வேண்டும்.

சுவருக்கு நாட்டு உருவங்களைவிடச் சதுரங்கள் தெளிவாக இருக்கும் என்பது என் எண்ணம். உருவம் நீளமாக இருந்தால் கண் அதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளும். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் என்று வைத்துக்கொள். மற்ற நாடுகளுக்கு, லட்சத்தில் உள்ள பரப்பின் வர்க்கமூலத்தை ஐந்தால் பெருக்கு. அல்ஜீரியா 24.4 சென்டிமீட்டர், காங்கோ 24.2, சாட் 17.9, நைஜீரியா 15.2, ருவாண்டா 2.6, காம்பியா 1.7. வெறும் 455 சதுர கிலோமீட்டர் உள்ள செஷல்ஸுக்கு மூன்றரை மில்லிமீட்டர்; அதை வெட்டாதே, பேனாவால் புள்ளி வைத்துவிடு. அல்ஜீரியாவுக்கும் காங்கோவுக்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் கத்தரிக்கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் வரிசை மாறிவிடும். இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் வெட்டு.

வர்க்கமூலத்தை மறந்தால் எல்லாம் போச்சு. அல்ஜீரியா நைஜீரியாவைப் போல் 2.6 மடங்கு, பக்கத்தையே 2.6 மடங்கு ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய 6.8 மடங்காகிவிடும். வட்டமாக வெட்டினாலும் ஆரத்துக்கு இதே விதிதான். மொத்தச் சதுரங்களும் சேர்ந்து 7,600 சதுர சென்டிமீட்டர் பிடிக்கும். இடைவெளி, பெயர்ச்சீட்டு எல்லாவற்றுக்கும் 120-க்கு 90 சென்டிமீட்டர் அட்டை போதும்.

மக்கள்தொகையையும் அதே அட்டையில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், கூட்டம் சேர்ந்துவிடும். ஒரே ஒரு ஜோடி மட்டும் வை: லிபியா பரப்பில் ருவாண்டாவைப் போல் ஏறக்குறைய 67 மடங்கு, ஆனால் 2022 கணக்கெடுப்பில் ருவாண்டாவில் 1.32 கோடிப் பேர், லிபியாவில் 70 லட்சத்தை ஒட்டித்தான்.

பட்டியலைத் திருத்தியதும் சதுரம் வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு முறை அனுப்பு, கூட்டுத்தொகையை நானும் போட்டுப் பார்க்கிறேன். மொராக்கோ விஷயத்தில் என்ன முடிவெடுத்தாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா