ஈக்குக் காத்திருக்கத் தெரியாது

ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பழ ஈயின் கருவுக்குள் மூளை எப்படி உருவாகிறது என்று பார்ப்பது என் வேலை. சின்ன லேப். நான், இரண்டு ஆய்வு மாணவர்கள், ஈக்களுக்குச் சோறாக்கும் ஓர் அக்கா, அவ்வளவுதான். மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள். முதல் தவணை நேரத்துக்கு வந்தது. இரண்டாவது தவணை வர ஏழு மாதம் தாமதம். யூ.சி. (பணத்தைச் செலவழித்த கணக்குக்கான சான்றிதழ்) அனுப்பினோம், திருத்தச் சொன்னார்கள், திருத்தி அனுப்பினோம். ஒரு கையெழுத்து குறைகிறது என்றார்கள், அதையும் வாங்கி அனுப்பினோம். வேதியியல் துறை நண்பர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "அலமாரியைப் பூட்டிட்டுக் காத்திருங்க, நாங்க அப்படித்தான்." அவருக்குச் சரி. அவர் அலமாரியில் இருப்பது எதுவும் சாகாது.

என் அலமாரியில் இருப்பது சாகும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு மரபணு மாற்றத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைச் சுமக்கும் ஈக்களை உயிரோடு வளர்க்க வேண்டும். அப்படி வளர்க்கும் ஒவ்வொரு வம்சத்தையும் ஸ்டாக் என்போம். பாக்டீரியாவை உறைய வைக்கலாம். எலியின் விந்தணுவை உறைய வைக்கலாம். உருளைப்புழுவைக்கூட உறைய வைத்து எழுப்பலாம். பழ ஈயின் கருவை உறைய வைத்து மீட்கும் முறை இப்போதுதான் ஒழுங்காக வந்திருக்கிறது, எங்களைப் போன்ற லேபுக்கு அது இன்னும் எட்டவில்லை. ஆகவே பழைய வழிதான். 25 டிகிரியில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். 18 டிகிரியில் வைத்தால் ஒரு மாதம் வரை தாங்கும். மாற்றத் தவறினால் உணவு காயும், பூஞ்சை படியும், சிற்றுண்ணி ஏறும், வம்சம் முடியும். தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. (இந்தக் குப்பிகளுக்கு லேபில் 'வயல்' என்றுதான் பெயர். "நாளைக்கு நூறு வயல் மாத்தணும்" என்று போனில் சொன்னதைக் கேட்டு, எங்களுக்கு ஏது அவ்வளவு நிலம் என்று அம்மா கேட்டார்.)

அந்த ஏழு மாதத்தில் நடந்தது இது. அக்காவுக்குச் சம்பளம் தர முடியவில்லை. மூன்று மாதம் பார்த்தார், பிறகு ஒரு கேன்டீனுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் காய்ச்சும் மக்காச்சோளக் கூழின் பதம் எங்களில் யாருக்கும் வரவில்லை. கூழை இறுக வைக்கும் அகார் கூடினால் ஈயின் புழு துளைத்துப் போக முடியாது, குறைந்தால் ஈக்கள் ஒட்டிக்கொண்டு மூழ்கும். மாவும் ஈஸ்ட்டும் என் கைக்காசில் வாங்கினேன். மே மாதம், ஈக்களை ஒரே வெப்பநிலையில் வைக்கும் இன்குபேட்டர் பழுதானபோது அதைச் சரிசெய்யக் காசில்லை. 31 ஸ்டாக் போயின. அவற்றில் ஒன்று என் மாணவி இரண்டு வருடம் கலப்புச் செய்து உருவாக்கியது. உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு ஒரு நகலை வேறு லேபில் கொடுத்து வைக்காதது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பணம் வந்தது. ஈ வரவில்லை.

மதிப்பாய்வுக் கூட்டத்தில் உங்களில் ஒருவர், "கொசு என்றாலாவது பரவாயில்லை. ஈயின் மூளையால் மனிதனுக்கு என்ன பயன்?" என்று கேட்டார். எனக்குத் தந்த பத்து நிமிடம் முடிந்துவிட்டது. இங்கே பதில் சொல்கிறேன்.

1970களின் கடைசியில் ஜெர்மனியின் ஹைடல்பர்கில், கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஒரு சின்ன லேபில் இருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்கு மேல், நாற்பதுக்குள். ஆண் ஈக்களுக்கு மரபணுவைச் சிதைக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, இருபதாயிரத்துக்கும் அதிகமான வம்சங்களை வளர்த்து, முட்டைக்குள்ளேயே செத்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி இரட்டைக் கண்வில்லை வைத்த நுண்ணோக்கி. தோலில் எந்தப் பட்டை இல்லை, எது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. 1980இல் முதல் கட்டுரை வந்தது. 1995இல் இன்னொரு பழ ஈ ஆய்வாளரான எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல் பரிசும் வந்தது.

அந்தச் செத்த புழுக்களில் ஒன்றின் உடம்பெல்லாம் முள் அடர்ந்திருந்தது. அதில் கெட்டிருந்த மரபணுவுக்கு, முள்ளெலி என்ற பொருளில் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். அதே குடும்பத்து மரபணுதான் நம் மூளை இரு பாதியாகப் பிரிவதற்கும் வேண்டும். அந்த மரபணு செல்களுக்குச் செய்தி அனுப்பும் வழி கட்டுமீறினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வருகிறது. அதைத் தடுக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் கிடைத்தது. 1980இலிருந்து 32 வருடம். உங்கள் படிவத்தில் '36 மாதங்களுக்குள் எதிர்பார்க்கப்படும் பயன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஹைடல்பர்கில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

என் சொந்த வேலை அந்தக் கட்டுரையில் உள்ள இன்னொரு பெயரில் தொடங்குகிறது: ஹன்ச்பேக், அதாவது கூன்முதுகு. இந்த மரபணு கெட்டால் கருவின் நெஞ்சுப் பகுதி காணாமல் போகும். எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று சொல்லும் மரபணு என்றே முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், அதே கரு சில மணி நேரம் கழித்து அதே மரபணுவை வேறு வேலைக்கு எடுக்கிறது. நரம்புத் தாய்ச்செல் ஒன்று பிரிந்து பிரிந்து வரிசையாகப் பிள்ளை பெறும். முதலில் பிறக்கும் நரம்பு செல்களுக்கு ஹன்ச்பேக் அடையாளம். அடுத்து வருபவற்றுக்கு க்ருப்பெல் என்ற இன்னொரு மரபணு. வீட்டில் மூத்தது, நடுவுள்ளது, கடைக்குட்டி என்று வைப்போமே, அப்படி. எது எப்போது பிறந்தது என்பதைப் பொறுத்து அது எந்தத் தசையை இயக்கும் என்பது மாறும். அமெரிக்காவின் ஓரிகனில் கிறிஸ் டோ என்ற ஆய்வாளரின் குழு இதை 2001இல் காட்டியது. இடம் சொன்ன மரபணு காலமும் சொல்கிறது! இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எலியின் விழித்திரையிலும் ஹன்ச்பேக்கின் உறவுக்கார மரபணு, முதலில் பிறக்கும் செல்களுக்கு இதே வேலையைச் செய்கிறது.

இன்னும் நேரடியான பயன் வேண்டுமென்றால், ஏ.எஸ்.பி.எம். என்ற மரபணு. இதன் இரு பிரதியும் கெட்டால் குழந்தை சிறிய தலையோடு பிறக்கும். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் கூடுதலாகத் தெரியும், நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதன் ஈ வடிவத்தைப் பழ ஈக்காரர்கள் 1980களிலேயே அறிந்திருந்தார்கள். மனிதனில் 2002இல்தான் பிடிபட்டது.

இது வெளிநாட்டு ஆடம்பரமும் அல்ல. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970களிலேயே மணமும் சுவையும் அறியாத ஈக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெங்களூருவின் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) அந்த வழியில் வளர்ந்ததுதான். நான் இழந்த 31இல் பன்னிரண்டு ஸ்டாக்கை அங்குள்ள ஈ மையத்திலிருந்துதான் மறுபடி வாங்கினேன்.

அதிக நிதி கேட்கவில்லை. திட்டத் தொகையில் ஒரு சிறு பங்கை, கூழுக்கும் மின்சாரத்துக்கும் குப்பி மாற்றுபவரின் சம்பளத்துக்கும் மட்டும் ஆவதை, முதல் தவணையோடு மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் தந்துவிடுங்கள். மீதிக்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் கேளுங்கள், வாங்கித் தருகிறேன். உயிருள்ள ஸ்டாக் வைத்திருக்கும் எல்லா லேபுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். கொசு வளர்ப்பவர்களுக்கும்தான்.

மூன்றாம் ஆண்டுக்கான யூ.சி. போன வாரம் அனுப்பிவிட்டேன். அக்கா திரும்பி வந்திருக்கிறார், மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. மக்காச்சோள மாவு இரண்டு கிலோ மிச்சம். திங்களன்று குப்பி மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
பழ ஈ வளர்க்கும் ஓர் ஆய்வாளர்