மீண்டும் பிரசவ அறைக்குள் நுழையவிருக்கும் மகளுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

செவிலியர் வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டதால், இனி வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடக்கூடக் கை வராது என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. உன்னை வளர்க்க ஆறு ஆண்டுகள் இதே வேலையை விட்டிருந்து நான் திரும்பிய முதல் நாளில், சிசுவின் இதயத் துடிப்பைக் காது வைத்துக் கேட்கும் பழகிய குழலுக்குப் பதிலாக, அதை ஒலியாக்கித் தரும் டாப்ளர் கருவியைக் கொடுத்தார்கள். சிசுவின் துடிப்பைப் பிடிக்க முடியாமல் திணறிய எனக்கு, வயதில் இளைய சிஸ்டர் ஒருத்தி அதைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லித் தந்தாள். ஆனால் வயிற்றைத் தொட்டதும் தலை எங்கே, முதுகு எங்கே என்பதை என் கை தானாகவே கண்டுகொண்டது.

நீ புதிதாகக் கற்க வேண்டியவை இருக்கின்றன. கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததும் பார்ட்டோகிராஃப் (பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் வரைபடம்) தொடங்கப் படித்தவள் நீ. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியோ 5 செ.மீ.யிலிருந்தே பிரசவத்தின் தீவிரக் கட்டத்தைக் கணக்கிடுகிறது. குழந்தை பிறந்ததும் இரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது மாறவில்லை. அனுபவமுள்ள ஒருவருடன் ஒரு மாதம் நின்று பழக அனுமதி கேள். அதைக் கேட்பதில் தாழ்வு எதுவுமில்லை.

இரவுப் பணியைப் பற்றியும் முன்பே பேசிவிடு. நான் திரும்பிய மருத்துவமனையில் முதல் வாரமே தொடர்ந்து இரவுப் பணி போட்டார்கள். உன்னைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்துவிட்டு அழுதுகொண்டே போனேன். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவந்த, இன்றும் தொடரும் விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். சின்னவனுக்கு மூன்று வயதுதானே, தயங்காமல் கேள்.

அல்சூரில் வளர்ந்த உனக்குக் கன்னடமும் உருதுவும் நன்றாக வரும்; உருது தெரிந்தால் இந்தி பேசுபவர்கள் சொல்வதும் புரியும். நீ இருக்கும் கோவையில் பிரசவத்துக்கு வரும் வடமாநிலப் பெண்களில் எத்தனை பேர் வலியில் சொல்வது அங்குள்ளவர்களுக்குப் புரியாமல் போகிறதோ! இங்கே கன்னடப் பேச்சுக்கு நடுவில் என் தமிழைக் கேட்டதும் என் கையை இறுகப் பற்றிக்கொண்ட பெண்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

உன் செவிலியர் பதிவு கர்நாடகத்தில் இருப்பதால், அதை இங்கே புதுப்பித்துத் தடையின்மைச் சான்று பெற்ற பிறகே தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலுக்கு மாற்ற முடியும். உன் ஜி.என்.எம். (செவிலியர், பேறுகாலப் பணிப் பட்டயம்) சான்றிதழ்களை பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களை அனுப்பி வை, இங்குள்ள கவுன்சில் அலுவலகத்துக்கு நானே போய் விசாரிக்கிறேன். நீ பணியில் சேரும் முதல் மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா