பேரனின் வண்டிக்குப் பின்பக்க அப்சார்பர்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நீ அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. பேரனுக்குப் பத்து வயதாகிவிட்டது என்பதையும், மலேசியாவின் குளுவாங்கில் உன் வீட்டுக்குப் பின்னாலுள்ள செம்பனைத் தோட்டப் பாதையில் நீ பார்த்துக்கொண்டிருக்க அவன் தன் ஏடிவி என்னும் நான்கு சக்கர மண்பாதை வண்டியை நன்றாக ஓட்டுகிறான் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு அப்படியொரு மண்பாதை கிடைப்பது அரிது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வண்டியின் பின்பக்க அப்சார்பரை, அதாவது ஸ்பிரிங்கும் எண்ணெய்க் குழலும் சேர்ந்து அதிர்வைத் தாங்கும் பாகத்தை, மாற்ற நினைப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு நீ சொன்ன இரண்டு குறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் அடிவரை அமுங்கி இடிப்பது ஒன்று. மேட்டில் ஏறிய உடனே இருக்கை துள்ளிப் பையனை முன்னே தள்ளுவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் ஸ்பிரிங் பலம் போதாததால் வருவது. இரண்டாவதற்குக் காரணம் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். அமுங்கிய ஸ்பிரிங் தான் வாங்கிய விசையைத் திருப்பித் தந்தே தீரும். அந்த வேகத்தை, சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய்தான் வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. விலை குறைந்த சிறுவர் வண்டிகள் பலவற்றில் இந்தத் தணிப்பு பெயரளவில்தான் இருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தைக் கையால் பலமாக அழுத்திவிட்டுப் பார். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியது இரண்டு மூன்று முறை ஆடினால் அப்சார்பர் மாற்ற வேண்டியதே.

ஆனால் பணத்தைச் செலவழிக்கும் முன் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, அவற்றைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிடு. மழையும் செம்மண் சேறும் புகுந்து அதன் மூட்டிலுள்ள புஷ் என்னும் வளையம் தேய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல அப்சார்பரைப் போட்டாலும் வண்டி வால் ஆட்டிக்கொண்டுதான் ஓடும். டயர் காற்றையும் பார். இந்தப் பருத்த டயர்களுக்குச் சில பிஎஸ்ஐ அழுத்தம் மட்டுமே போதும். சாலை வண்டிகளுக்கான அளவுமானி அதைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் மானி வேண்டும்.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருகிறேன். அப்சார்பரின் மேலுள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பட்டறைகளிலேயே பலர் சொல்கிறார்கள். அது உண்மையன்று, வண்டியின் பின்பக்கம் உயர்கிறதே தவிர, ஸ்பிரிங்கின் பலம் மாறுவதில்லை. பலத்தைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை ஆகியவை. இவற்றுள் தடிமனே பெரியது. 8 மில்லிமீட்டர் கம்பி 9 மில்லிமீட்டராகி மற்றவை மாறாதிருந்தால், பலம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிவிடும். ஆகவே கண்ணளவில் சற்றுத் தடித்த ஸ்பிரிங் என்று வாங்குவது ஆபத்து.

பொருத்தமான ஸ்பிரிங் எது என்பதை அறிய ஓர் அளவுநாடா போதும். அச்சுக்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, சக்கரம் தொங்கும்போது ஒருமுறை, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது ஒருமுறை, பையன் தலைக்கவசமும் பூட்ஸும் அணிந்து அமர்ந்திருக்கும்போது ஒருமுறை என அச்சிலிருந்து அந்தப் புள்ளிவரை அளந்து எழுது. பின்சக்கரத்தின் முழு அசைவு 120 மில்லிமீட்டர் என்று நீ எழுதியிருக்கிறாய். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை, பையன் அமர்ந்ததும் அமுங்க வேண்டும். வளையத்தைத் திருகி அந்த அளவைக் கொண்டுவந்த பிறகு அவனை இறக்கிவிட்டுப் பார். வண்டி தன் எடைக்குச் சிறிதும் அமுங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது, அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறாய் என்று பொருள். தன் எடைக்கே நன்றாக அமுங்கினால் ஸ்பிரிங் கடினமானது.

நீ வாங்க நினைக்கும் நீளமான அப்சார்பரை, அதாவது பெரியவர்கள் ஓட்டும் வண்டிக்குரிய, பக்கத்தில் வாயுக்குப்பி வைத்ததை, நான் ஏற்கவில்லை. உன் வண்டியில் அப்சார்பர் 60 மில்லிமீட்டர் அசைந்தால் சக்கரம் 120 அசைகிறது. அப்படியானால் 20 மில்லிமீட்டர் நீளம் கூடிய அப்சார்பர் பின்பக்கத்தை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் உயர்த்திவிடும். பையனும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் உயரும்; சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும்; முன்பக்கம் குனிந்து திருப்பம் பதற்றமாகும்; செயினின் தளர்வும் மாறும். அவன் கால்கள் மிதிப்பலகையில் இப்போது அழுந்தி நிற்கின்றன என்று படத்தில் பார்த்தேன், அதை இழக்கக் கூடாது. அமெரிக்கத் தரநிலையில் பத்து வயதுக்குரிய ஏடிவியின் உச்ச வேகமே மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர்தான். பெற்றோர் அதை 15 மைலுக்குக் குறைத்துவைக்கும் வசதியும் இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு அவ்வளவு நீண்ட அசைவு தேவையே இல்லை.

வளரும் பிள்ளைதானே, கடினமானதையே வாங்கிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு ஓடும் என்றும் எழுதியிருந்தாய். பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக எடுப்பது போல இதைச் செய்ய முடியாது. ஸ்பிரிங் அமுங்க மறுத்தால் சக்கரம் தரையைத் தொடராது. அந்த அடியை அவன் முதுகெலும்புதான் வாங்கும். இன்றைய எடைக்கு இன்றைய ஸ்பிரிங்கைப் போடுவோம். அவன் எடை ஐந்தாறு கிலோ கூடியதும் மறுபடி அளந்து, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எனவே இப்போதுள்ள அதே நீளத்தில், பிரித்து எண்ணெய் மாற்றக்கூடியதும், மீண்டெழும் வேகத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடியதுமான அப்சார்பர் ஒன்றே நமக்குத் தேவை. அந்தத் திருகைக் கடைசிவரை இறுக்கிவிடாதே. எழுவது மிகவும் மெதுவானால், வரிசையாக மேடுபள்ளம் வரும் தோட்டப் பாதையில் சக்கரம் முழுதாகத் திரும்பும் முன்பே அடுத்த அடி விழுந்து, பின்பக்கம் சிறிது சிறிதாக இறங்கி, கடைசியில் பழையபடி இடிக்கும். நடுவில் வைத்துத் தொடங்கி, ஒரே பாதையில் ஓட்டவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் மாற்று.

நான் சொன்ன மூன்று அளவுகளோடு, அப்சார்பரின் இரு முனை போல்ட் துளைகளுக்கு இடையிலான நீளம், போல்ட்டின் தடிமன், ஸ்பிரிங் கம்பியின் தடிமன், வெளி அகலம், சுருள் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதி அனுப்பு. ஸ்பிரிங்கைக் கழற்ற முயலாதே. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் அது தெறித்துக் காயப்படுத்தும். அளவுகள் வந்ததும் காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான மோட்டார் சைக்கிள் கடையில் விசாரித்து, விலையை உனக்குத் தெரிவிக்கிறேன். பொருள் கிடைத்துவிட்டால் பள்ளி விடுமுறையில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இருவரும் சேர்ந்து பூட்டுவோம். பேரனும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

உன் அன்பு நண்பன்