இறால் தலை, ஓட்டைக் குவித்து அழுகவிடாமல் உரமாகவும் தீவனமாகவும் மாற்ற வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
இறால் உரிக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினர்,
வடிகால் வாய்க்கால் தெரு,
காவிரிக் கடைமடை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: அங்கன்வாடிக்குப் பின்னால் கொட்டப்படும் இறால் கழிவை அகற்றுதல், அதைப் பயன்பொருளாக்க எங்கள் குழுவுக்கு இடமும் பயிற்சியும் வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: தை, வைகாசி, ஆவணி மாதங்களில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் நேரில் அளித்த 3 மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குப் புதிதன்று. சென்ற மழைக்காலத்தில் கரை உடைப்பைப் பார்வையிட வந்து தாங்கள் நின்ற மதகுக்கு இடப்புறம், அங்கன்வாடியின் பின்சுவரை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. அதை மண்மேடு என்று தாங்கள் எண்ணியிருக்கலாம். சுற்றுவட்டார உரிப்புக் கொட்டகைகளிலிருந்து டிராக்டரில் வந்து கொட்டப்படும் இறால் தலையும் ஓடும்தான் அந்த மேடு. முந்தைய மூன்று மனுக்களுக்கும் "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்ததால், நான்காவது முறையாகத் தங்களைப் பணிந்து வேண்டுகிறோம்.

1. கொட்டகைகளை மூட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கே ஐஸ் தண்ணீரில் கை விறைக்க, கிலோக் கணக்கில் கூலி வாங்கி இறால் உரிப்பவர்கள் நாங்களே. 100 கிலோ முழு இறாலை உரித்தால் 40 முதல் 50 கிலோ வரை தலையும் ஓடுமாக மிஞ்சும். சதை ஐஸ் பெட்டியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகிறது. மிச்சம் எங்கள் தெருவுக்கே திரும்பி வருகிறது.

2. எல்லாவற்றிலும் எங்களை வாட்டுவது அங்கன்வாடியின் நிலைமைதான். கடல்காற்று வரட்டும் என்று வைத்த கிழக்குச் சன்னலைப் பலகை வைத்து ஆணியடித்து மூடியிருக்கிறோம். சித்திரை வெயிலிலும் திறப்பதில்லை. உதவியாளர் அம்மா சோற்றுக் குண்டானை ஈரத்துண்டால் மூடி, ஒவ்வொரு தட்டுக்கும் துண்டின் ஓரத்தை மட்டும் விலக்கிச் சோறு போடுகிறார். அந்த இடைவெளியிலும் ஈ புகுந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் இடக்கையால் ஈ ஓட்டிக்கொண்டே வலக்கையால் சாப்பிடப் பழகிவிட்டார்கள். முட்டை போடும் நாளில்கூடப் பாதித் தட்டுகள் மீதியாகின்றன. ஐப்பசி மழையில் மேடு கரைந்து, செங்காவி நிற நீர் வாசற்படிவரை வரும். அதில் புழு நெளியும். ஒருமுறை பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அன்று மாலையே அந்த வெள்ளையின் மேல் அடுத்த வண்டி வந்து கொட்டியது. இதற்குப் பெயர் நடவடிக்கையா, ஐயா?

3. இந்தக் கழிவு குப்பையே அன்று. இறாலின் செரிமான உறுப்பு தலையில் இருப்பதால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குகிறது. அன்றன்றே கையாண்டால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. கழுவி உலர்த்தி அரைத்தால் கோழித் தீவனத்தில் சேர்க்கலாம். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸைக் கலந்து காற்றுப் புகாத பீப்பாயில் நொதிக்கவைத்தால், லாக்டிக் அமிலம் உண்டாகி அழுகல் நின்றுவிடும். டெல்டாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலையும் ஓட்டையும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைத்தால் தழைச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கொண்ட உரமாகும். ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால், வாழை வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைகளையும் அவை விட்டுவைப்பதில்லை. கைட்டினைப் பிரித்துக் கைட்டோசான் ஆக்கினால் காயக்கட்டுக்கும் நீர் சுத்திகரிப்புக்கும் ஆகும். ஆனால் அதற்கு அமிலமும் காரமும் தேவைப்படும் என்பதால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாமல் அந்தத் தொழிலை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவைக்கிறோம். ஒரு நாற்றத்துக்குப் பதிலாக இன்னொரு நஞ்சு எங்களுக்கு வேண்டாம்.

4. நாங்கள் கேட்பது பெரிய ஆலை அன்று. கூரை போட்ட சிமெண்ட் உலர்களம் ஒன்று, அரைக்கும் இயந்திரம் ஒன்று, மூடியுள்ள பீப்பாய்கள், கொட்டகைகளிலிருந்து மாலைக்குள் கழிவை எடுத்துவர ஒரு வண்டி. அங்கன்வாடியிலிருந்து தள்ளி, மழைநீர் தேங்காத புறம்போக்குத் திடல் ஒன்றை ஒதுக்கித் தந்தால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாததால் கடல் வரத்து பெரிதும் குறைந்துவிடும். அந்த 61 நாள்களில் களத்தைக் கட்டி முடித்துவிடலாம். பயிற்சிக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம்; மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. எங்களில் 10 பேரை அனுப்பத் தங்கள் கடிதம் ஒன்று போதும்.

5. களம் தடைக்காலம்வரை காத்திருக்கலாம். அங்கன்வாடிக் குழந்தைகளால் காத்திருக்க முடியாது. இது புரட்டாசி, மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

6. எந்தத் துறையைக் கேட்டாலும் அடுத்த துறையைக் காட்டுகிறார்கள். உள்ளாட்சியில் கேட்டால் மீன்வளம், மீன்வளத்தில் கேட்டால் சுகாதாரம், சுகாதாரத்தில் கேட்டால் மறுபடி உள்ளாட்சி. நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறோம், ஐயா. மேடு மட்டும் எந்த அலுவலகத்துக்கும் போகாமல் அதே இடத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, மழைக்கு முன் அந்த மேட்டை அகற்றவும், இனி அங்கே ஒரு வண்டிகூடக் கொட்டாதபடி தடுக்கவும், மேற்கண்ட உலர்களத்துக்கு இடம் ஒதுக்கவும் ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். தாங்களே ஒருமுறை நேரில் வர வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்தால் பவுடர் தூவிவிடுவார்கள் என்பதால், சொல்லாமல், பகல் 12 மணிக்கு, குழந்தைகள் சாப்பிட உட்காரும் நேரத்தில் வர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்

இணைப்பு: கையொப்பங்களும் கைரேகைகளும், முந்தைய 3 மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.