நெல் அறைச் சுவரை எடுக்கவில்லை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதமும் கனடாவிலிருந்து நீ அனுப்பிய ஸ்காபரோ வீட்டுப் படங்களும் கிடைத்தன. 1950களில் கட்டிய பங்களா என்று எழுதியிருந்தாய். மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வீட்டுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அம்மாவின் கலியாணத்துக்காக அம்மப்பா 1957இல் கட்டியது. குசினிச் சுவரை உடைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கலாமா என்று நீ கேட்கிறாய். என் மகளும் அதையேதான் கேட்டாள். கொஞ்ச நாளாக வீட்டில் வேறு கதையே இல்லை.

வீடு உனக்கு நினைவிருக்கும். கிழக்கே பார்த்த முன் விறாந்தை, நடுவில் ஹோல், பின் விறாந்தை, வடக்கு ஓரத்தில் குசினி. தெற்கே முன்னறை, அதற்குப் பின்னால் யன்னல் இல்லாத நெல் அறை. கக்கூஸ் கிணற்றடிக்கு அப்பால். விறகடுப்புக் காலத்தில் குசினி வடக்கே இருந்ததற்கு நியாயம் இருந்தது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஊதினால் புகை வீட்டுக்குள் திரும்பாது. இப்போது காஸ் அடுப்பு. நெல் அறைக்கும் வேலை போய்விட்டது. வெள்ளாமையை மெசினால் வெட்டி வயலிலேயே விற்றுவிடுகிறோம், மூடை வீட்டுக்கு வருவதே இல்லை.

மகள் நெல் அறையை எடுத்துவிட்டு ஹோலைப் பெரிதாக்கி, குசினியையும் அதோடு சேர்த்து ஒரு படம் கீறி வைத்திருந்தாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மேசன் நெல் அறைக்கும் ஹோலுக்கும் இடையிலுள்ள சுவரில் ஏணி வைத்து ஏறி, கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, முகட்டு வளை இந்தச் சுவரிலதான் குந்தியிருக்கு" என்றார். எடுப்பதென்றால் கூரைக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, கொங்கிரீட் பீம் போட வேண்டும். அந்தக் காசில் ஒரு குளியலறையை முழுதாகவே முடிக்கலாம்.

அதோடு நான் வேறு பக்கமாக யோசிக்கத் தொடங்கினேன். எந்தச் சுவரை உடைக்கலாம் என்பதா முதல் கேள்வி? இந்த வீட்டில் யார் இருக்கப்போகிறோம், பகலில் எங்கே, இரவில் எங்கே என்பதல்லவா? நம் வழக்கப்படி வீடு மகளுக்கு. முந்தியென்றால் அவளுக்குக் கலியாணம் முடிந்ததும் தாய் தகப்பன் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது வளவிலும் இடமில்லை, கையிலும் காசில்லை. ஆகவே அம்மா, நான், மகள், வரப்போகும் மருமகன் எல்லோரும் ஒரே கூரைக்குள்தான். அம்மாவுக்கு 86 வயது. மாரியில் பாசி பிடித்த கிணற்றடியால் அவர் டோர்ச்சோடு போய் வரும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

நெல் அறை குளியலறை ஆகிறது. முன்னறைக்கும் அதற்கும் இடையிலுள்ள சுவரில் பாரம் இல்லை, அதில் ஒரு கதவு வைத்து, வெளிச்சுவரில் உயரத்தில் காற்றுக்கு வழி விடுகிறோம். முன்னறை அம்மாவுக்கும் எனக்கும். அந்த அறையிலிருந்து விறாந்தைக்குத் தனிக் கதவு ஏற்கெனவே இருக்கிறது. ஆகக் கஷ்டம் கக்கூஸ் குழிதான். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். கயிறு பிடித்துப் பார்த்ததில் முன் வளவின் தெற்கு மூலைதான் மிஞ்சியது. இந்த மணலில் மாரித் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று உனக்குத் தெரியும். குழியை ஆழமாகத் தோண்டாமல் நிலத்தை உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

குசினி கதவோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டு மேசை பின் விறாந்தைக்கு வருகிறது. முன் கதவும் பின் கதவும் நேருக்கு நேர் இருப்பதால் பின்னேரக் கடற்காற்று ஹோலுக்குள்ளால் அங்கேதான் வந்து சேரும். மேற்கு வெயிலுக்குத் தட்டி கட்டினால் போதும். மகள் முதலில் முகம் கோணினாள், அங்கே இருந்து தேத்தண்ணி குடித்த பிறகு சரி என்றுவிட்டாள்.

1978 நவம்பர் 23 இரவு, சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தபோது உங்கள் வீட்டாரும் நாங்களும் அந்த நெல் அறைக்குள், மூடைகளுக்கு நடுவில்தானே இருந்தோம். அம்மப்பா மூடை எண்ணிக் கரியால் ஐந்தைந்தாகக் கீறிய கோடுகள் சுவரில் இன்னும் தெரிகின்றன. அந்தப் பக்கம் மட்டும் டைல்ஸை நாலடியோடு நிறுத்தச் சொன்னேன்.

சூறாவளிக்குப் பிறகு போட்டதெல்லாம் அஸ்பெஸ்டஸ் சீற். வெடித்தவற்றை மாற்றும்போது உடைக்காமல், வெட்டாமல், நனைத்து முழுதாக இறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் கவனம். அந்தக் காலத்துக் கனடா வீடுகளின் தரை டைல்ஸிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கிளப்ப முன் ஒரு துண்டைப் பரிசோதிக்கக் கொடு.

உன் சுவரைப் பற்றி: பேஸ்மென்டுக்குப் போய் அதற்கு நேர் கீழே பீமோ தூணோ இருக்கிறதா என்று பார். இருந்தால் அது பாரம் தாங்கும் சுவராகத்தான் இருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு எஞ்சினியர் பார்க்காமல் கை வைக்காதே. பனிக்காலத்தில் யன்னல் எல்லாம் பூட்டிய வீட்டில் நீ மீன் பொரிப்பதையும் யோசி. அந்த மணம் படுக்கையறை வரைக்கும் போகும்கா.

குசினியின் நீள அகலத்தையும், கதவு யன்னல் எங்கே என்பதையும் ஒரு தாளில் கீறி அனுப்பு. மேசனிடமும் காட்டிவிட்டு எழுதுகிறேன். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் கல்லடிச் சிநேகிதி