323-ஆம் சாலைக்கு மூன்று நாள் கொடுங்கள்

பினாங்கு, கெடா, கோலாலம்பூர் வட்டாரத்துத் தமிழ் மோட்டார் குழுத் தலைவர்களுக்கும், டிசம்பரில் அவர்களோடு தாய்லாந்துக்குக் கிளம்பவிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு இறுதிக்கான மூன்று குழுக்களின் பயணத் திட்டம் என் கைக்கு வந்தது. மூன்றிலும் ஒரே வழிதான். புக்கிட் காயு ஹீத்தாமில் எல்லை தாண்டி, ஹாட்யாய், சும்போன், ஹுவா ஹின் என்று ஒரே மூச்சாக ஓடி, சியாங் மாய் சேர்ந்து, மே ஹோங் சோனின் 1,864 வளைவுகளைச் சுற்றிவிட்டுப் பத்தாம் நாள் வீடு. அந்த மலைப்பாதை அழகானது. நானும் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன், போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று திட்டத்திலும் ராட்சபுரியை இரவோடு இரவாகக் கடக்கிறீர்கள். அங்கே மேற்கே திரும்பினால் ஒன்றரை மணி நேரத்தில் காஞ்சனபுரி வந்துவிடும். அங்கிருந்து 323-ஆம் சாலை, போர்க்காலத்தில் நம்மவர்கள் உழைத்துச் செத்த சயாம் ரயில் பாதையின் வழியே போகிறது. அந்தத் திருப்பத்தையும் மூன்று நாளையும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா 1943-இல் சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குப் போனவர். மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஜப்பானியர் ஆட்சியில் ஆள் பிடித்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. தாத்தா வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பாட்டி 1996-இல் கண்மூடும்வரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. பாட்டி போன பிறகுதான் அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தொடங்கினார். திதி தெரியாது, அதனால் ஆடி அமாவாசையில். உங்களில் பலர் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வீட்டுப் பெரியவர்களிடம் "சயாம் ரயில்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவர்களே பேசுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் போட்ட அந்த ரயில் பாதை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. துல்லியமான கணக்கே கிடையாது, ஏனென்றால் அவர்கள் பெயரை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய இராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்குப் போனால் உங்களுக்கே புரியும். வெட்டிவிட்ட பசும்புல்லுக்கு நடுவே ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள். அநேகமாக ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. "இருபத்திரண்டு", "இருபத்து நான்கு" என்று வாசித்துக்கொண்டே போனேன், தொண்டை அடைத்தது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வாட் தாவோன் வராராம் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டிப் புதைத்த நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். என்னோடு வந்த ஏழு மோட்டார்க்காரர்களில் ஐந்து பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எல்லோரும் தாய்லாந்துக்கு நான்கைந்து முறை போய் வந்தவர்கள்.

323-ஆம் சாலை அங்கிருந்து குவாய் நொய் ஆற்றை ஒட்டியே மலைக்குள் ஏறுகிறது. சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் பாஸ். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காட்சியகத்திலிருந்து படியிறங்கி, பாறையை வெட்டிய இடத்துக்கு நடந்து போகலாம். போர்க்கைதிகளோடு தமிழ், மலாய்த் தொழிலாளர்களும் சுத்தியலும் துளைக் கம்பியுமாக இரவு பகலாகக் குடைந்த பாறை அது. தலைக்கு மேலே இரு பக்கமும் சுவராக நிற்கிறது. கையை வைத்துப் பாருங்கள், கம்பி இறங்கிய தடம் இன்னும் தெரியும். அந்த வெயிலில் ஜாக்கெட்டோடு நடக்க முடியாது, மோட்டாரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் தோங் பா பூம். டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இடதுபுறம் பிரியும் 3272-ஆம் சாலை, பர்மா எல்லையில் இருக்கும் ஈ-தோங் என்ற பழைய வெள்ளீயச் சுரங்கக் கிராமத்துக்குப் போகிறது. 399 வளைவுகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வழியில் தேசியப் பூங்காவின் முகாமில் கூடாரம் போடலாம். டிசம்பரில் நல்ல குளிர் இருக்கும், விடிந்ததும் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம்தான்.

இந்தச் சாலையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவோடு போயிருந்தேன். பெரிய மோட்டார்களெல்லாம் முன்னால் பறந்துவிட்டன. கப்சாயில், அதாவது சின்ன மோட்டாரில், வந்த ஒரு பையன் இறக்கத்தில் ஈர இலையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து கிடந்தான். போனுக்குச் சிக்னல் கிடையாது. ஒரு மணி நேரம் கழித்துத் தலையை எண்ணியபோதுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்தது. அதற்குள் கிராமத்துக்காரர் ஒருவர் தன் பிக்-அப்பில் ஏற்றி அவனை மருத்துவமனையில் சேர்த்திருந்தார். நானும் அந்தக் குழுவில் இருந்தேன், நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைசி மோட்டாராகத்தான் ஓட்டுகிறேன். தலைவர்களே, சின்ன மோட்டாருக்கு ஏற்ற வேகத்தை வையுங்கள். சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, பின்னால் வருபவரின் விளக்கைப் பார்த்த பிறகு கிளம்புங்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன்களிடம் பெரும்பாலும் கப்சாய்தான் இருக்கிறது. சூப்பர் பைக் இருந்தால்தான் வரலாம் என்றால், அந்த இடத்தைப் பார்க்க வேண்டியவர்களே வீட்டில் நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் இரவுக்குக் காவ் லேம் தேசியப் பூங்கா. பொம்பி முகாமில் ஏரிக்கரையிலேயே கூடாரம் போடலாம். 1980-களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அது. பழைய சங்க்லாபுரி ஊரும், ரயில் பாதையின் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன. எங்கள் தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று தெரியாது. அன்று ராத்திரி அடுப்பில் மேகி கொதித்துக்கொண்டிருக்க, ஆள் ஆளுக்குத் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கும் யாரும் கூடாரத்துக்குள் போகவில்லை. மறுநாள் மூன்று பகோடாக் கணவாய் வரை போய்த் திரும்பினோம். எல்லையைத் தாண்ட வேண்டாம், அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாக: 2025 மே முதல் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை அங்கே சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. மோட்டார் கெரான் (பதிவுப் பத்திரம்) வேறு பெயரில் இருந்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். தாய்லாந்துக் காப்புறுதியை எல்லையிலேயே எடுக்கலாம். சுங்கம் கொடுக்கும் வாகனத் தாளைப் பத்திரமாக வையுங்கள், திரும்பும்போது கேட்பார்கள். வேப் வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே அது சட்டவிரோதம். தேசியப் பூங்காவுக்குள் மது குடிப்பதும் குற்றம்.

இன்னொரு வேண்டுகோள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள மூத்தவர்களிடம் போய், சயாமுக்குப் போனவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதி வாருங்கள். அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. அவர் வயதுக்காரர்களிடம் கேட்க இன்னும் எத்தனை டிசம்பர் நமக்குக் கிடைக்கும்? அந்தத் தாளை வாட் தாவோனில் நின்று சத்தமாக வாசியுங்கள். போன முறை எங்களிடம் இருந்தது பதினொரு பெயர்கள். நான்கு பேருக்குப் பெயர் மட்டும்தான், தகப்பன் பெயர்கூடத் தெரியவில்லை. அதையும் வாசித்தோம்.

என்னிடம் மூன்று கூடாரங்களும் ஓர் அடுப்பும் உள்ளன. கப்சாய் வைத்திருக்கும் எந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் கூடாரம் இல்லையென்றால் என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழு அந்தத் திருப்பத்தை எடுத்தாலும் சொல்லுங்கள், கடைசி மோட்டாராக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து உங்களில் ஒருவன்